பெரியவருக்கு எட்டாத வாசனை

யூனிஸ் முப்பத்தாறு வருடமாக எதையும் வறுத்ததில்லை. சமையலையே பிழைப்பாக வைத்திருக்கும் ஒருத்தி இப்படிச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். ஏரிக்கரையில் சுற்றுலாக் கம்பெனி போட்டிருக்கும் முகாமில் அவள்தான் சமையல்காரி. சால்மன் மீனை அவிப்பாள். மூஸ் மான் இறைச்சியைக் குழையக் குழைய வேகவைப்பாள். ஊரில் எல்லா வீட்டிலும் எண்ணெயில் பொரித்தெடுக்கிற பானக் ரொட்டியை இவள் மட்டும் அடுப்புக்குள் வைத்துச் சுடுவாள். "ஆஸ்பத்திரில படுத்திருக்கறவன்கூட என்னவிட நல்லா சாப்பிடுறான்" என்று அவள் புருஷன் ஹார்வி கல்யாணமான நாள் முதல் அலுத்துக்கொள்கிறான். அலுத்துக்கொள்வானே தவிர, ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. பனியாற்றுக்குப் பக்கத்தில் கொழுப்பு வறுக்கக்கூடாது என்பது ஊரறிந்த கட்டுப்பாடு. இவள் அதை வீட்டு அடுப்புவரை இழுத்துக்கொண்டு வருகிறாள், பிடிவாதக்காரி, போகட்டும் என்று விட்டுவிட்டான்.

மலையிலிருந்து ஆறுபோல இறங்கி உறைந்து நிற்கும் அந்தப் பனியாற்றை அங்கே யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. பெரியவர் என்பார்கள். பெரியவருக்குக் காதும் உண்டு, மூக்கும் உண்டு. அவர் எதிரில் வாய்க்கு வந்தபடி பேசக்கூடாது. கொழுப்பு வறுபடுகிற வாசனை பட்டால் அவருக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் ஒரு ஆளை எடுத்துக்கொள்வார். தெரியாமல் வறுத்துவிட்டால் அதற்கும் ஒரு வழி இருந்தது. வறுத்தவரே அந்தச் சட்டியை மூடிக் கட்டி, பனியின் மேல் எடுத்துப் போய், நான்தான் செய்தேன் என்று சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். வறுத்தவரே போக வேண்டும் என்பதுதான் அதில் முக்கியம்.

இதெல்லாம் முகாம் மேலாளன் ட்ரெவருக்கு எங்கே புரியப் போகிறது? அவன் தெற்கே பெரிய நகரத்திலிருந்து வந்தவன். அவனுடைய ஹெலிகாப்டர் ஒருநாளைக்கு ஒன்பது தடவை பயணிகளை ஏற்றிப் போய்ப் பனியின் மேல் இறக்கிவிட்டு வரும். முன்பெல்லாம் முகாமிலிருந்து கல்லெறிந்தால் பனியில் விழும். இப்போது கூழாங்கல் வெளியில் ஒரு மணி நேரம் நடந்தால்தான் பனியின் முகத்தையே பார்க்க முடியும். உருகிப் போவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று கூட்டம் வருகிறது. கூட்டம் வர வர ஹெலிகாப்டர் கூடுகிறது. சாகக் கிடக்கிறவர் வீட்டு வாசலில் வண்டி நிறுத்த இடமில்லாமல் போவதுபோலத்தான் இருந்தது யூனிஸுக்கு.

ஜூலை மாதம் ஒருநாள் ட்ரெவர் புது யோசனையோடு சமையல்கூடத்துக்கு வந்தான்.

"யூனிஸ், அடுத்த வாரத்துலேர்ந்து ஐஸ் மேலயே காலைச் சாப்பாடு. சின்ன அடுப்பு, முட்டை, நல்லா மொறுமொறுன்னு பன்றிக்கொழுப்பு. சனங்க படம் புடிச்சு அனுப்புவாங்க பாரு."

"நான் வறுக்க மாட்டேன்."

"ஐஸுக்கு மூக்கு இருக்கா என்ன?"

"உன் ஹெலிகாப்டர் விடுற புகைக்கு மூக்கு இல்லாதவனும் தும்முவான் ட்ரெவர். வேற ஆளப் பாத்துக்க."

அவன் சிரித்துக்கொண்டே போனான். அவள் போய்ப் பனியின் பக்கத்து ஜன்னலைச் சாத்தினாள். ஏனென்றால் மூன்று வாரமாக அந்த வாசனை அவளுக்கு வந்துகொண்டிருந்தது. மத்தியான வேளையில் பனியிலிருந்து காற்று இறங்கும்போதெல்லாம் வறுத்த பன்றிக்கொழுப்பின் வாசனை, பழசாகிக் காறல் ஏறிய வாசனை, லேசாக வந்து போகும். ஹார்வியிடம் கேட்டாள். அவனுக்கு எதுவும் வரவில்லை. புத்தி பிசகுகிறதோ என்று பயந்து, அதற்குமேல் யாரிடமும் அவள் கேட்கவில்லை.

முப்பத்தாறு வருடத்துக்கு முன்னால் அவளுக்குப் பதினேழு வயது. இதே இடத்தில்தான் அவர்கள் குடும்பம் கோடையில் கூடாரம் போடும். அண்ணன் லெஸ்டருக்கு இருபத்துநான்கு. அம்மாவும் மாமாவும் வலை பார்க்க ஏரிக்குப் போயிருந்தார்கள். முந்தின நாள் இரவு லெஸ்டர், "அவிச்சதையே தின்னு தின்னு நாக்கு செத்துப்போச்சுடி" என்று சொல்லியிருந்தான். விளையாட்டாகச் சொன்னதுதான். அவள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. கடையில் வாங்கின பன்றிக்கொழுப்பு ஒரு துண்டு பைக்குள் கிடந்தது. அம்மாவின் இரும்புச் சட்டியை எடுத்து அடுப்பில் வைத்தாள். கொழுப்பு சடசடவென்று பொரிந்தது. வாசனை நேராகப் பனியின் பக்கம் போயிற்று.

விறகோடு வந்த லெஸ்டரின் முகம் வெளுத்தே போனது. அப்புறம் அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் மறக்க முடியவில்லை.

"ஏய் கழுதை, என்ன காரியம்டி பண்ணிட்ட?"

"உனக்குத்தான் அண்ணே. யாருக்கும் தெரியாது. சாப்பிட்டுட்டுக் கழுவி வச்சிடலாம்."

"அவருக்குத் தெரியுமே." பனியின் பக்கம் கண்ணைத் திருப்பாமலே சொன்னான். "சரி, அழாத. நான் பாத்துக்கறேன். நீ வாயத் தொறக்காத."

அன்றைக்கு அவன் காட்டாட்டு வேட்டைக்குக் கிளம்பினான். திரும்பவில்லை. பனியில் ஒரு வெடிப்பின் ஓரம்வரை அவன் காலடித் தடம் போயிருந்தது. சட்டியையும் காணோம். அதை ஏரியில் எறிந்திருப்பான் என்று யூனிஸ் நினைத்துக்கொண்டாள். யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. அவன் திறக்காதே என்று சொல்லியிருந்தான், அது ஒரு சாக்கு. உண்மையில் பயம்.

உடல் கிடைக்காததால் அம்மா அவனுக்கு நினைவு விருந்து வைக்கவேயில்லை. விருந்து நடந்து முடிந்தால்தான் செத்தவன் போய்ச் சேர்ந்தான் என்று கணக்கு. லெஸ்டர் போய்ச் சேரவில்லை. அம்மா சாகும் நாள்வரை கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவனை எப்படியாவது வீட்டுக்குக் கொண்டுவந்து விருந்து வைத்துவிட வேண்டும் என்பது அன்றிலிருந்து யூனிஸின் தலையில் விழுந்தது. அது ஒன்றுக்காகத்தான் அவள் இந்த முகாமில் வேலைக்கே சேர்ந்தாள். ஹார்விக்குக்கூட அது தெரியாது.

இரண்டு வருடமாகப் பனி எதையெதையோ துப்பிக்கொண்டிருந்தது. போன கோடையில் பழைய கம்பளிக் கையுறை ஒன்று கிடைத்தது, அவனுடையது இல்லை. யூனிஸ் தினமும் மத்தியானம் பனியின் விளிம்பில் நடந்துவிட்டு வருவாள். இந்த வாரம் போகாதே என்று ஹார்வி தலையால் அடித்துக்கொண்டான். மேலே பக்கப் பள்ளத்தாக்கில் உருகிய தண்ணீர் பெரிய ஏரியாகத் தேங்கிக் கிடந்தது. அதை அடைத்து நின்ற பனிச்சுவர் எந்த நேரமும் உடையலாம். உடைந்தால் விளிம்பில் கிடப்பதெல்லாம் அடித்துக்கொண்டு போய்க் கீழே முகாம் ஏரியின் அடியில் சேரும். அதனால்தான் அவள் போனாள்.

அன்றைக்கு வாசனை லேசாக வரவில்லை, மூக்கைத் துளைத்தது. அவள் அதைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். அழுக்குப் பனி ஒரு திண்டுபோல நீட்டிக்கொண்டிருந்த இடத்தில், அதன் அடியில் ஓடை குடைந்துகொண்டிருந்தது. திண்டின் மேல் ஒருவன் குப்புறப் படுத்திருந்தான். சிவப்புக் கட்டம் போட்ட சட்டை, முதுகில் சேறு அப்பிய பை. அம்மா ஒட்டுப் போட்ட முழங்கை. முழங்காலுக்குக் கீழே இன்னும் பனிக்குள் இருந்தது. தலைமுடி கருகருவென்று இருந்தது. யூனிஸின் கை தானாகத் தன் நரைத்த தலையைத் தொட்டுப் பார்த்தது.

 பிறகு இடுப்பில் செருகியிருந்த கை ரேடியோவை எடுத்தாள்.

"ஹார்வி, வா. உங்கண்ணன் பெர்சியையும் கூட்டிட்டு வா. கம்பளி எடுத்துட்டு வா."

"என்னாச்சு? கால ஒடச்சுக்கிட்டியா?"

"லெஸ்டர் வந்துட்டான்."

 ஹார்வியின் குரல் தாழ்ந்து வந்தது.

"தொட்டுடாத யூனிஸ்."

"தெரியும்."

தெரியாமல் இருக்குமா? அவர்கள் ஊரில் காக்கைப் பக்கம், ஓநாய்ப் பக்கம் என்று சனம் இரண்டு பக்கம். பெண் கொடுப்பதும் எடுப்பதும் எதிர்ப்பக்கத்தோடுதான். சாவிலும் அப்படியே. காக்கைப் பக்கத்துப் பிணத்தை ஓநாய்ப் பக்கத்தார்தான் தொட்டுத் தூக்கிக் குளிப்பாட்டிப் புதைக்க வேண்டும். துக்கத்தில் இருப்பவர்கள் கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டும், அப்புறம் தூக்கினவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டும். யூனிஸும் லெஸ்டரும் காக்கைப் பக்கம். ஹார்வியும் பெர்சியும் ஓநாய்ப் பக்கம். ஏரியைப் படகில் கடந்து, கூழாங்கல் வெளியில் நடந்து அவர்கள் வந்து சேர இரண்டு மணி நேரம் ஆகும். ஏற்கெனவே ஒரு கட்டுப்பாட்டை மீறி அண்ணனைக் கொன்றவள், இன்னொன்றை மீறி அவனைத் தொடுவதா? அவள் எட்டி உட்கார்ந்தாள்.

அரை மணி நேரம் போயிருக்கும். ஓடையின் சத்தம் மாறியது. சலசலவென்று இருந்தது இப்போது அடித்தொண்டையில் உறுமியது. தண்ணீர் கலங்கி ஒரு சாண் ஏறியிருந்தது. திண்டின் ஓரம் ஒரு துண்டு பெயர்ந்து விழ, லெஸ்டரின் ஒரு கால் விடுபட்டு நீரில் தொங்கியது. இன்னொரு காலும் விடுபட்டால் போயிற்று. முப்பத்தாறு வருடம் காத்திருந்து, கண்ணெதிரே கோட்டைவிடப் போகிறாள்.

"அண்ணே, கொஞ்சம் இரு. வந்துட்டிருக்காங்க" என்றாள். சொன்னவுடன் அழுகை வந்துவிட்டது.

எழுந்து கிட்டே போனபோதுதான் அவன் முதுகுப் பையைச் சரியாகப் பார்த்தாள். பையின் வெளிப்பக்கம் கயிற்றால் இறுக்கிக் கட்டிய இரும்புச் சட்டி. சட்டியின் வாய்க்குத் தகரத் தட்டு மூடி, அதன்மேலும் கயிறு. தட்டின் ஓரத்தில் மஞ்சள் கொழுப்பு இளகி வழிந்திருந்தது. கைப்பிடியின் நுனியில் அம்மா சுற்றிய செம்புக் கம்பி.

மூன்று வாரமாக வந்தது பிரமை அல்ல. அது அவள் வறுத்த கொழுப்பு.

காட்டாட்டு வழி இடதுபக்கச் சரிவில் போகிறது. பனியின் நடுவே நடக்க வேட்டைக்காரனுக்கு ஒரு வேலையும் கிடையாது. சட்டியை மூடிக் கட்டி, அதை முதுகில் சுமந்துகொண்டு, நான்தான் செய்தேன் என்று சொல்லத்தான் லெஸ்டர் பனிமேல் போயிருக்கிறான். அவள் போக வேண்டிய இடத்துக்கு அவன் போயிருக்கிறான். நான் பாத்துக்கறேன் என்று சொன்னது இதைத்தான்.

திண்டு மறுபடி முனகியது. அவன் உடல் நீரின் பக்கம் ஒரு கையகலம் நழுவியது. யூனிஸ் பாய்ந்தாள். அவன் தோளை நோக்கிப் போன கை பாதியில் நின்றது. பிறகு அவள் இரண்டு கையாலும் சட்டியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள்.

சட்டி அவளுடையது. அதைத் தொட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

கூழாங்கல்லில் குதிகாலை ஊன்றி மல்லாந்து சாய்ந்தாள். இரும்பு பனியைவிடச் சில்லென்று இருந்தது. இன்னொரு காலும் விடுபட்டபோது அவன் எடை மொத்தமும் அந்தக் கைப்பிடியில் வந்து இழுத்தது. கயிறு தாங்குமா, பை தாங்குமா என்று ஒவ்வொரு நொடியும் உயிர் போய் உயிர் வந்தது. விரல் மரத்துப் போனது. தோள் கழன்றுவிடும் போலிருந்தது. விடவில்லை. விட்டால் இவளும் கூடவே போவதாக முடிவுசெய்திருந்தாள். வலிக்கிறபோதெல்லாம் அவனைத் திட்டினாள். "யாரு உன்னப் போகச் சொன்னா? வறுத்தது நானு. என்னை ஒரு வார்த்த கேட்டியா நீ?"

ஹார்வியும் பெர்சியும் வந்தபோது தண்ணீர் அவள் இடுப்பில் இருந்தது.

பெர்சிக்கு அறுபது வயது. லெஸ்டரோடு கூடப் படித்தவன், மச்சான் முறை. மூச்சு வாங்க ஓடிவந்தவன் அப்படியே நின்றுவிட்டான். பிறகு நீரில் இறங்கி, லெஸ்டரின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான். ஹார்வி காலைப் பிடித்தான். மேட்டுக்குக் கொண்டுபோய்க் கம்பளியில் கிடத்தினார்கள். பெர்சி அவன் முகத்தின் மண்ணைத் துடைத்தான்.

"டேய் மச்சான், நியாயமாடா இது? எனக்குப் பல்லு போச்சு, முடி போச்சு, முட்டி போச்சு. நீ மட்டும் மாப்பிள்ள மாதிரி வந்து படுத்திருக்க." சொல்லிவிட்டுக் கம்பளியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

யூனிஸின் விரல்கள் கைப்பிடியைவிட்டுப் பிரியவில்லை. ஹார்வி கயிற்றை அறுத்து, சட்டியோடு அவளைத் தனியே எடுத்து, ஒவ்வொரு விரலாகத் தேய்த்துப் பிரித்தான்.

"இது என்ன சட்டி?"

அவள் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். பதினேழு வயதில் செய்ததை ஐம்பத்துமூன்று வயதில் சொல்ல நாலே வாக்கியம்தான் ஆயிற்று. ஹார்வி அவள் விரல்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"இத்தன வருசமா அவிச்சுப் போட்டது இதுக்குத்தானா" என்றான் கடைசியில். அவன் குரலில் கோபம் இல்லை. "என்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல, கிறுக்கி?"

அவள் எழுந்து சட்டியை எடுத்துக்கொண்டு பனியின் முகத்துக்கு எதிரே போய் நின்றாள். வறுத்தவரே போக வேண்டும் அல்லவா?

"பெரியவரே, நான்தான் வறுத்தேன். அவன் இல்ல. அவன் வந்து தான் செஞ்சதாச் சொன்னது பொய். என்னை மன்னிச்சிடுங்க."

சின்ன வயதில் அவள் கேட்டிருக்கிறாள். யாராவது சத்தமாகப் பேசினால் போதும், உள்ளேயிருந்து ஒரு முனகல் வரும். துப்பாக்கி வெடித்த மாதிரி எங்கோ பிளக்கும். அதைக் கேட்டுப் பெரியவர்களே வாயைப் பொத்திக்கொள்வார்கள். அவள் காத்துநின்றாள். திட்டட்டும், பிளக்கட்டும், தன்னையும் எடுத்துக்கொள்ளட்டும் என்று நின்றாள். சொட்டு, சொட்டு, சொட்டு என்று எங்கு பார்த்தாலும் உருகுகிற சத்தம்தான். முகமெல்லாம் கறுத்துக் குழிவிழுந்து, கேட்கிற தெம்பே இல்லாமல் அது கிடந்தது. முப்பத்தாறு வருடமும் அவள் பயந்தது அதன் கோபத்துக்கு. அந்தக் கோபம் போய்விட்டது என்று கண்டபோதுதான் அவளுக்கு உண்மையான பயம் வந்தது.

பாதி வழி இறங்கியிருப்பார்கள். மேலே இடி உருண்டது. பனிச்சுவர் உடைந்து, மண்ணிறத் தண்ணீர் வெளியை அடைத்துக்கொண்டு வந்தது. அவர்கள் மேட்டின் மேல் நின்று பார்த்தார்கள். லெஸ்டர் கிடந்த திண்டு, ஓடை, அவள் குதிகால் ஊன்றிய கூழாங்கல் எல்லாம் ஒரே மூச்சில் போய்விட்டன.

"கோவமாண்ணே அவருக்கு?" என்றான் ஹார்வி தாழ்ந்த குரலில்.

"கோவப்பட்டு விட்ட தண்ணி இல்ல இது" என்றான் பெர்சி. "தாங்க முடியாம விட்டது. இவனையும் அப்படித்தான் விட்டிருக்காரு. இனி வச்சுக்க முடியல, பாவம்."

அந்தப் பாவம் என்ற சொல் யூனிஸின் நெஞ்சில் தைத்தது. பெரியவரைப் பாவம் என்று யாரும் சொல்லி அவள் கேட்டதேயில்லை. அவள் ஒரே ஒரு சட்டி வறுத்தாள். அதற்கு அண்ணனையே விலையாகக் கொடுத்தாயிற்று. இந்த உலகமோ எண்ணெயைத் தோண்டித் தோண்டி இரவுபகலாக வறுத்துக்கொண்டேயிருக்கிறது. அதற்காகச் சட்டியைக் கட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்கப் பனிமேல் ஏறினவன் ஒருவனையும் அவள் பார்த்ததில்லை.

லெஸ்டரை முகாமின் படகுக் கொட்டகையில் கிடத்தினார்கள். காலையில் அக்கரைக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு. போலீசுக்கும் ஊருக்கும் ஹார்வி ரேடியோவில் சொன்னான். ட்ரெவர் எட்டிப் பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு போனான். தூக்கினவர்களுக்குச் சாப்பாடு போடுவது யூனிஸின் முறை. அவள் சமையல்கூடத்துக்குப் போனாள். ஹார்வியும் பெர்சியும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். குளிரில் இருவர் உதடும் நீலம் பாரித்திருந்தது. அலமாரியில் ட்ரெவர் வாங்கி வைத்த பன்றிக்கொழுப்புப் பொட்டலம் கிடந்தது.

ஹார்வி அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"யூனிஸ், சொல்லிட்ட இல்ல, எல்லாம் முடிஞ்சுது. இன்னிக்கு ஒருநாள் வறுத்துப் போடேன். இங்கேருந்து அவருக்கு எட்டாது."

அவள் ஜன்னல் வழியே பார்த்தாள். பதினேழு வயதில் அடுப்புக் கல் வைத்த இடம் இதுதான். அன்றைக்கு இங்கே நிமிர்ந்தால் வானம் பாதி, பனி பாதி. இப்போது கூழாங்கல், கூழாங்கல், தூரத்தில் ஓர் அழுக்குக் கோடு. காற்றுகூட இந்தப் பக்கம்தான் வீசியது. ஹார்வி சொன்னது சரி. இந்த ஏரிக்கரை முழுக்க அடுப்பு மூட்டி, ஊரே கூடி வறுத்தாலும் இனி அவருக்கு எட்டாது.

யூனிஸ் பானையில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தாள். மீனை எடுத்து அதில் போட்டாள். பெர்சி மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, "உப்பு கொஞ்சம் தூக்கலாப் போடும்மா" என்றான்.